மூன்று முறை திரும்பி வந்த பல்

“அந்தச் சிவப்புப் புடவத் தலைப்ப உள்ள தள்ளிக்குங்க. ஓரமா எட்டிப் பாக்குது பாருங்க. விட்டா பல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும்” என்று சொல்லிக்கொண்டே, நாற்காலியில் இருப்பவரின் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணி ஒன்றை இறுக்கிக் கட்டுகிறார் பல்லுக்காரம்மா. முடிதிருத்தும் கடையில் போர்த்துவார்களே, அதே மாதிரி. பிறகு ஈரப் பஞ்சால் உதட்டுச் சாயத்தைத் துடைக்கிறார். பச்சைக்கல் தோடு போட்டிருந்தால் அதையும் கழற்றி வந்தவர் உள்ளங்கையிலேயே வைத்துவிடுகிறார். பல்லைக் காட்ட வந்தோமா, போலீஸ் சோதனைக்கு வந்தோமா என்று புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

உடைந்த பல்லுக்கும் விழுந்த பல்லுக்கும் மாற்றுப் பல் செய்வது அவர் தொழில். பிடுங்குவது, ராவுவது, ஊசி போடுவது எல்லாம் பல் டாக்டர் பாடு. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, ரேடியோப் பெட்டி அளவே இருக்கும் மின் அடுப்பில் சுட்டு, பல்லாக்கித் திருப்பி அனுப்புவது இவர். கடைவாய்ப் பல் என்றால் அச்சு போதும். முன்பல் என்றால் மட்டும் ஆளையே நேரில் வரச் சொல்லுவார். பக்கத்துப் பல்லோடு ஒட்டவைத்து நிறம் பார்த்தாக வேண்டும். “கடைவாய்ப் பல்லு நம்ம வயித்துக்கு. முன்பல்லு அடுத்தவங்க கண்ணுக்கு. அவங்க சும்மா விடுவாங்களா?” என்று கேட்பார்.

அவரோடு பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம்தான். நாம் பேசப் பேச, அவர் பார்வை நம் வாயிலேயே நிற்கும். சிரித்துவிட்டால் தொலைந்தோம், பேச்சையே மறந்துவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. “இருபத்தாறு வருஷமாச்சு, என் கண்ணு ரெண்டா ஒண்ணான்னு கேட்டா இவளுக்குத் தெரியாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பல்லுக்காரம்மா அசர மாட்டார். “கண்ணு உங்களுது, நீங்க பாத்துக்குங்க. அந்த மேல் பல்லு மூணும் நான் செஞ்சது, அத நான் பாத்துக்கறேன்.”

வெள்ளை என்று ஒரு நிறம் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. சந்தேகப்படுகிறவர்களை விட மாட்டார், கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போவார். ஒரு வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துத் தக்காளிக்குப் பக்கத்தில் வைப்பார். “கிண்ணத்தோட இந்தக் கன்னத்தப் பாருங்க. செவந்துருச்சா? இப்ப தக்காளிய எடுத்துடறேன். போச்சா? தக்காளி வர்ற வெளிச்சத்த வாங்கி, தன் கலர்ல கொஞ்சம் கலந்து பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுது. வெளிச்சம் இருக்கே, அது ஊர் சுத்தி. எங்க பட்டுச்சோ அங்க இருந்து ஏதாவது ஒட்டிக்கிட்டுத்தான் வரும்.” பார்க்கிறவருக்கு அன்று முழுக்கக் கண்ணில் படும் கிண்ணம், முட்டை, சட்டைக் காலர் எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய நிறம் தெரியத் தொடங்கிவிடும். எனக்கும் அந்தக் கதிதான்.

இந்தக் காரணத்தால் மாடியில் இருக்கும் அவருடைய வேலை அறை முழுக்கச் சாம்பல் நிறம். சுவர், கூரை, மேசை, ஸ்டூல், கதவின் தாழ்ப்பாள்கூட. வீட்டுக்காரர் அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் ‘மேகமூட்டம்’. காலண்டர் மாட்ட அனுமதி கிடையாது. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல், அதனால் நேர் வெயில் உள்ளே வராது. காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் நிறம் பார்த்தாக வேண்டும், விளக்கைத் தொடக் கூடாது. வந்தவர் ஜன்னலைப் பார்த்து உட்காருவார். பல்லுக்காரம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாக வரும் வெளிச்சத்தில் வேலை செய்வார். பதினொரு வருடமாக இப்படித்தான். இத்தனை எச்சரிக்கைக்காரருக்கா இப்படி ஒரு சோதனை வர வேண்டும்!

கணக்கு டீச்சர் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல் வரிசை முன்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துக்கொண்டார். டாக்டர் மிச்சத்தை ராவி அச்சு எடுத்து ஆளை அனுப்பினார். பல்லுக்காரம்மா வழக்கம்போலத் துணி கட்டி, தோட்டைக் கழற்றி, முக்கால் மணி நேரம் உற்றுப் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்தார். சுட்டு எடுத்ததை வாயில் வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். டீச்சருக்கே எது தன் பல் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்தார்கள்.

மறுநாள் டாக்டரிடமிருந்து ஃபோன். “என்னம்மா இது, பால் பவுடர் மாதிரி வெளுத்துக் கெடக்கு? பக்கத்துப் பல்லோட சேரவே இல்லியே.” சரி, ஏதோ கவனக்குறைவு என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டாவது பல் செய்தார். கொஞ்சம் மஞ்சள் கூட்டினார். அறையில் அச்சு அசலாக ஒட்டிப்போயிற்று. கிளினிக்குக்குப் போனால் மக்காச்சோளம் மாதிரி மஞ்சளாம். மூன்றாவதும் போயிற்று, மூன்றாவதும் வந்தது. இந்தத் தடவை டாக்டர் குரலில் கோபம்கூட இல்லை. “இவ்வளவு வருஷம் பழகிட்டோம்மா, சொல்லக் கஷ்டமா இருக்கு. அடுத்ததும் சரியா வரலன்னா வேற இடத்துக்கு அனுப்பிடறேன். உங்களுக்கும் வயசாகுது இல்ல?”

டீச்சர் பாவம், அவருக்குத் தனிச் சோகம். “போர்டப் பாத்துக்கிட்டே பாடம் நடத்தறேங்க. கிளாஸ் பக்கம் திரும்பினா இந்த வாயத் திறக்க வேண்டி இருக்கே” என்றார்.

கண் போய்விட்டது. வேறு என்ன? அப்படித்தான் அவர் முடிவு கட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு போனதும் தையல் பெட்டியைக் கவிழ்த்து, நூல்கண்டுகளை வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக அடுக்கிப் பார்ப்பார். கலைப்பார், திரும்ப அடுக்குவார். சரியாகத்தான் வரும். ஆனால் வரிசை சரியா தப்பா என்று பார்ப்பதும் அதே கண்தானே என்று தோன்றியதும் நூல்கண்டுகளை வாரிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். முன்பல்லுக்கு நிறம் சேர்க்க முடியாத பல்லுக்காரம்மா இனி என்ன செய்வார்? வெறும் கடைவாய்ப் பல்லாகச் செய்துகொண்டு காலத்தை ஓட்டுவதா?

பாங்குக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் சொட்டு மருந்து விட்டார், டார்ச் அடித்தார், பல நிறப் புள்ளிகளாக இருக்கும் புத்தகத்தைக் காட்டி உள்ளே ஒளிந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார். பல்லுக்காரம்மா பக்கம் திருப்பத் திருப்ப மளமளவென்று படித்தார். கடைசியில் கண் டாக்டர் சிரித்துவிட்டார். “உங்க கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்கே ரெண்டு பக்கம் தட்டுத் தடுமாறிதான் வரும்.”

சந்தோஷப்பட வேண்டிய மனுஷி, வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கண் கெட்டிருந்தால் கண்ணாடி உண்டு, ஆபரேஷன் உண்டு. கண் நன்றாக இருந்தும் நிறம் தப்புகிறது என்றால் புத்திதான் கலங்கிவிட்டது என்று அர்த்தம், அதற்கு எங்கே போய்க் கண்ணாடி வாங்குவது? இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பல்லுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு குச்சி. குச்சி முனையில் மெழுகு. மெழுகில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பற்கள். ஒன்று திரும்பி வந்த மூன்றாவது பல். மற்றது டீச்சரின் சொந்தப் பல்லுக்கு இதுதான் நிறம் என்று டாக்டர் கூடவே அனுப்பியிருந்த மாதிரிப் பல். அவர் நேரே சமையலறைக்குப் போனார். வெளியே வந்தார். குளியலறைக்குப் போனார். வெளியே வந்தார். வாசலுக்குப் போய்க் குச்சியை உயர்த்திப் பார்த்தார்.

“என்ன, பல்லுக்கு வீட்டச் சுத்திக் காட்டறியா?” என்றார் வீட்டுக்காரர்.

“வாய மூடிக்கிட்டு கூட வாங்க” என்றார் இவர். மூன்று வாரமாகப் பொத்தி வைத்திருந்தது எல்லாம் அப்போது கொட்டிற்று. டாக்டர் சொன்னது, கண் டாக்டர் சொன்னது, பாங்குப் பொய், எல்லாம். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவர் அதற்கப்புறம் ரொம்ப நேரம் கிண்டல் செய்யவில்லை.

“கண்ணு சரியா இருக்கு. கை நடுங்கல. மாவு அதே டப்பா, அடுப்பு அதே அடுப்பு. அப்ப பாக்கி என்ன?” என்று விரல் மடக்கினார் பல்லுக்காரம்மா. “இந்த ரெண்டு பல்லயும் பாருங்க. சமையக்கட்டுல வேற வேற. பாத்ரூம்ல வேற வேற. வாசல்ல கேக்கவே வேணாம், பகலும் ராத்திரியுமா இருக்கு. இப்ப மேல வாங்க.” மாடி அறையில், பத்தரை மணிக்கு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குச்சியை நீட்டினார். இரண்டு பற்களும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“அட!” என்றார் வீட்டுக்காரர்.

பொய் சொல்வது அறை. வாஸ்தவம்தான், ஆனால் அறையில் எது? பல்லுக்காரம்மா ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து நடு அறையில் பிடித்தார். கதவுப் பக்கம் திருப்பினால் வெறும் காகிதம். ஜன்னல் பக்கம் திருப்பினால், லேசாக, நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி, காகிதம் நாணிச் சிவந்தது. ஒரு அடி ஜன்னலை நெருங்கினார், இன்னும் கொஞ்சம் சிவந்தது. இன்னொரு அடி. தக்காளிக்குப் பக்கத்தில் வைத்த கிண்ணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சட்டென்று திரும்பி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

பின்பக்கத்துச் சந்து குறுகல். சந்துக்கு அந்தப் பக்கம், அடுத்த தெரு வீட்டின் பின்சுவர், ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. பதினொரு வருடமாக அது பூசிய சிமெண்டோடு, பெயிண்டைக் காணாமல், நல்ல சாம்பல் நிறத்தில் நின்றது. இப்போது அடிமுதல் மாடிவரை கேரட் நிறம்! காலை வெயில் முழுக்க அதன்மேல் விழுந்து, பட்ட வேகத்தில் திரும்பி, கேரட்டைச் சுமந்துகொண்டு ஜன்னலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அறையின் சாம்பல் சுவர்களும், சோற்றுக்கு உப்பு ஏறுவதுபோல, அதை வாங்கி வாங்கி ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் மஞ்சள் கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. குருட்டாம்போக்கில்தான் மூன்று பற்களுக்கும் நிறம் சேர்ந்திருக்கிறது.

“மூணு மாசத்துக்கு முன்னாடி சுரண்டற சத்தம் கேட்டுதே, தூசு வருதுன்னு ஜன்னல் கண்ணாடியச் சாத்தினேனே, அப்புறம் ஒரு நாளாவது எட்டிப் பாத்தேனா பாவி?” என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டின் வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது, சந்துப் பக்கம் போக அவருக்கு வேலை இல்லை. ஜன்னலுக்கோ எந்நேரமும் முதுகு. ஊரார் தோட்டையும் தலைப்பையும் ஒளித்துவைத்தவர், முதுகுக்குப் பின்னால் ஒரு வீட்டையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் வீட்டுக்காரருக்குப் பழைய குணம் திரும்பிற்று. நாற்காலியில் போய் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். “இங்க உக்காந்தா அந்தச் சுவரு மூஞ்சியிலேயே அறையுதே. வந்தவங்க எல்லாரும் பாத்திருப்பாங்களே, ஒருத்தர்கூடவா சொல்லல?”

“எப்படிச் சொல்லுவாங்க?” என்றார் பல்லுக்காரம்மா. “எல்லாரையும் ‘ஆ’ காட்டச் சொல்லி இல்ல உக்கார வச்சிருந்தேன்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து என்னவென்று கேட்டார்களாம்.

அடுத்த தெரு வீட்டுக்காரரோடு போய் ஒரு கை பார்த்துவிட்டு வருவதாக வேன்காரர் சட்டையை மாட்டினார். பல்லுக்காரம்மாதான் தடுத்தார். “அவர் சுவரு, அவர் பெயிண்டு. நமக்குப் புடிக்கலன்னா நாம தள்ளி உக்காரணும்.” ஆனால் இன்னொரு காரியம் செய்தார். அந்த மூன்று மாதத்தில் வேறு இரண்டு பேருக்கு முன்பல் செய்து கொடுத்திருந்தார். இருவரையும் அழைத்து, தப்பு என்னுடையது, வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் வந்தார். இன்னொருவர், “ரெண்டு மாசமா என் பொண்டாட்டியே கண்டுபிடிக்கல, நீங்க வேற ஏம்மா கெளப்பறீங்க?” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

டீச்சருக்கு நான்காவது பல்லின் நிறம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மேலே வானம் தவிர வேறு எதுவும் தெரியாத இடத்தில் பார்க்கப்பட்டது. தொட்டி கறுப்பு என்பதால் அதன்மேல் சாம்பல் நிறப் போர்வை ஒன்று. வேன்காரர்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல் அமைந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் மூன்று முறை அப்படித்தானே இருந்தது! டீச்சர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்று சொன்ன சொல்லில் உயிரே இல்லை. பல்லுக்காரம்மாவும் அதை நம்பவில்லை. இந்தத் தடவை பல்லைக் கொடுத்தனுப்பாமல் தானே கிளினிக்குக்கு எடுத்துப் போனார்.

அங்கே ஒட்டுவதற்கு முன், டாக்டர் பல்லை வெறுமனே பொருத்தி, தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்துவிட்டுப் பார்த்தார். முகம் சுளித்தார். “இப்ப லேசாப் பச்சை அடிக்குதேம்மா.”

பல்லுக்காரம்மா மெல்லத் தலையைத் திருப்பி, அதுவரை பார்த்திராத அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் பாசிப் பச்சை. திரை பச்சை. டாக்டர் போட்டிருந்த மேலங்கி அதைவிடப் பச்சை.

“டீச்சர், எந்திரிச்சு வாங்க. பல்லு விழாம நாக்கால தாங்கிக்குங்க” என்று கையைப் பிடித்தார். “டாக்டர், நீங்களும் வாங்க. அந்த அங்கிய மட்டும் கழட்டி வச்சிட்டு வாங்க.”

சாலை ஓரத்து நிழலில், போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவே, பல்லுக்காரம்மா கூடவே கொண்டுவந்து கட்டிவிட்ட சாம்பல் துணியோடு டீச்சர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் இப்படிக் குனிந்து பார்த்தார், அப்படிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தைப் படிக்க முடியவில்லை. ராவியவர் அவரே. எந்தப் பல் என்று தெரிந்தவருக்கு வித்தியாசம் தெரியாமலா இருக்கும்? எதுவும் தெரியாத ஒரு ஆள் வேண்டும் என்று பல்லுக்காரம்மா நாலாபக்கமும் தேடினார்.

கிளினிக் வாசலில் பூட்டுச் சாவி ரிப்பேர் செய்பவர் ஒருவர், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். “ஐயா, ஒரு நிமிஷம் வாங்களேன். இதுல ஒண்ணு கட்டின பல்லு. எதுன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார் இவர்.

பூட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாவித் துவாரத்தைப் பார்ப்பதுபோல டீச்சரின் வாய்க்குள் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பூட்டுக்காரர் ஒரு சின்ன அரத்தை நீட்டி, தொடாமல், ஒரு பல்லைக் காட்டினார்.

“இதுதானே? இதக் கண்டுபிடிக்க ஒரு ஆளா? பீங்கானுன்னு பாத்தாலே பளிச்சுன்னு தெரியுதே. என்னதான் செஞ்சாலும் சொந்தப் பல்லு மாதிரி வருமாம்மா?”

டீச்சருக்கு வந்ததே கோபம்! “யாரப் பாத்து பீங்கானுங்கறீங்க? அது என் சொந்தப் பல்லுங்க!” என்று நடு ரோட்டில் கத்தினார்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பல்லுக்காரம்மா சிரிக்கவில்லை. கிளினிக் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டு, செய்யாத தப்புக்கு அடி வாங்கிய பிள்ளைகளைத் தேற்றுவதுபோல, இரண்டு இமைகளையும் விரல் நுனியால் மெல்ல மெல்லத் தடவிக்கொடுத்தார்.